தவிடு

எண் 2087.
ஆன்சன் சாலைப் பதிவிலாகாவில்
குளிரூட்டி ஒரு பக்கம்தான் வேலை செய்கிறது.
எல்லாரும் அந்தப் பக்கமே உட்கார்ந்திருக்கிறோம்.

மடியில் பெயர்ப் புத்தகம்.
குயின் ஸ்திரீட் பூமாலைக் கடையில் எட்டு வெள்ளி.
ஆண்பிள்ளைகளுக்கு மட்டும் நூற்றுப் பன்னிரண்டு பக்கம்:
இந்திரனை வென்றவன், மலையைத் தூக்கியவன்,
நிலவைச் சூடியவன், பகைவரை எரிப்பவன்.
இத்தனை பேரில் ஒருவன்கூட
பாயான் லெப்பாசில் இரவு ஷிப்ட் பார்ப்பவன் இல்லை.

என்னையும் தேடினேன், சும்மாதான்.
தவசீலன் இருக்கிறான்.
அடுத்த வரியில் தாமரைச்செல்வன்.
நடுவே மயிரிழை அளவு வெள்ளைத்தாள்.
அங்கேதான் நான் இருந்திருக்க வேண்டும்.

தொழிற்சாலையில் நான் டேவிட்.
சூப்பர்வைசர் லிம் ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும்
மறக்காமல் வாழ்த்து அனுப்புகிறார்.
பன்னிரண்டு வருடமாகத் திருத்தவில்லை.
ஒரு ராஜாவின் பெயர் தானாக வந்து ஒட்டிக்கொண்டால்
யார் பிய்த்துப் போடுவார்கள்?

கைப்பேசி துடிக்கிறது. லோகவாணி, வார்டிலிருந்து:
"விவான்ஷ். ரெண்டு ஏ, கடைசில ஹெச்.
விட்டுட்டா கூட்டுத்தொகை கெட்டுப் போயிடும்."
ரோகிணி நட்சத்திரம். ஓ, வ, வி, வு.
பொருள் என்னவென்று கேட்டால்
உயிர் நிறைந்தவன் என்கிறாள்.
அவள் அக்கா, முதல் கதிர் என்கிறாள்.
புத்தகத்தில் அப்படி ஒரு பெயரே இல்லை.
அப்பனுக்கும் மகனுக்கும்
இதிலாவது ஒரு ஒற்றுமை.

ஏழாம் முகப்பு.
நோர்ஹயாத்தி என்று மார்பில் சின்னத் தகடு.
தகப்பன் பெயர்க் கட்டத்தில் பேனா முனை நின்றது.
"டேவிட்டா? எழுத்து ஏதோ கூடியிருக்கிறதே."
இல்லை, தவிடன்.
"என்ன அர்த்தம்?"
அவள் மொழியிலேயே சொன்னேன்: டெடாக்.
வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.
"கோழிக்குப் போடுவது!"
அரசியல்வாதிகளுக்கும் போடுவார்கள் என்றேன்.
பக்கத்து முகப்புக்காரனும் சிரித்தான்.

சிரித்த சூட்டில் அதையும் சொல்லிவிட்டேன்.
எனக்கு முன்னால் இரண்டு பேர்.
பதினாறு நாள் இருந்தான் ஒருவன்.
இன்னொருவன் அழவே இல்லை.
இரண்டு பேருக்கும் பெயர் கிடையாது,
ஆகவே அர்த்தமும் கிடையாது.
மூன்றாவதாக நான் வந்ததும்
அம்மா என்னை லயத்துக் கடைசி வீட்டு அஞ்சலையிடம்
ஒரு முறம் தவிட்டுக்கு விற்றாள்.
எடுத்துப் போக வருகிறவன்
இது வேறு வீட்டுப் பிள்ளை என்று
குழம்பித் திரும்பட்டும் என்றுதான்.
பொழுது சாய்வதற்குள் மார்பு கட்டிக்கொண்டது,
ஓடிப்போய் என்னைக் கேட்டாள்.
தவிட்டைக் கொடு, பிள்ளையைத் தருகிறேன் என்றாள் அஞ்சலை.
தவிட்டை அதற்குள் கோழிகள் தின்றிருந்தன.
கடனுக்குத்தான் கொடுத்தனுப்பினாள்.
சாகும்வரை என்னைப் பார்க்கும்போதெல்லாம்
"என் முறம் எங்கடா?" என்பாள்.

நோர்ஹயாத்தி சிரிக்கவில்லை இப்போது.
"எங்கள் பெரிய மாமாவின் பெயர் புவாங்" என்றாள்.
புவாங் என்றால், தூக்கி எறி.
"அவருக்கு முன்னால் மூன்று பேர்.
எண்பத்தொரு வயதுவரை இருந்தார்,
எறிய ஆளில்லாமல்."

பிறகு விசைப்பலகைச் சத்தம் மட்டும்.
இரண்டு ஏ போட்டாள். ஹெச் போட்டாள்.
திரையை என் பக்கம் திருப்பிச் சரிபார்க்கச் சொன்னாள்:
விவான்ஷ் அனாக் லெலாக்கி தவிடன்.
பளபளவென்று அவன் முன்னால் நிற்க
பின்னால் நான், உமி ஒட்டிய கையோடு.
எந்தப் பாரத்திலும் இனி எங்களைப் பிரிக்க முடியாது.
சரி என்றேன்.

ஆஸ்பத்திரிக் கடையில் பழச்சாறு வாங்க நின்றேன்.
சத்துமாவு வரிசையில், கண்ணுக்கு நேராக,
பச்சை நிறப் பொட்டலத்தில் கோதுமைத் தவிடு.
இருதயத்துக்கு நல்லது என்று போட்டிருக்கிறது.
அரைக் கிலோ பதினெட்டு வெள்ளி தொண்ணூறு காசு.

கையில் எடுத்துக் கொஞ்ச நேரம் வைத்திருந்தேன்.
அஞ்சலை, பார்.
எவ்வளவு விலை ஏறியிருக்கிறேன்.